சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

பட்டனை அழுத்தினால் என்ன வரவேண்டும்? முதலில் ஒரு பீப் சத்தம். பிறகு நாலு நிற விண்டோஸ் கொடி. அதன் பிறகு, சங்கத்துப் பெண்கள் விதைநெல் காயப்போட்டபோது எடுத்த படம். பத்து வருடமாக இந்த ஒழுங்கில்தான் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் சுமித்திரா அழுத்தியபோது பீப் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கறுப்புத் திரை, மேலே இரண்டு வரி வெள்ளை இங்கிலீசு. தொடங்குவதற்கு டிஸ்க் ஒன்றும் இல்லையாம். சரியான டிஸ்க்கைப் போட்டுவிட்டு விசைப்பலகையில் ஏதாவது ஒரு கட்டையை அமத்தட்டாம்.

"இல்லையாம்! அப்ப இப்ப நான் மாட்டினது என்ன, பப்படமோ?" என்றாள் சுமித்திரா.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் இறங்கி, காட்டோரமாக இரண்டு கட்டை தூரம் உள்ளே போனால் அவர்களுடைய ஊர். ஊரின் மாதர் சங்கத்துக்குச் சுமித்திரா செயலாளர். காலையில் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், பின்னேரம் சங்கக் கட்டடத்தில் அந்தப் பழைய கம்பியூட்டரோடு மாரடிப்பாள். எப்போதோ வந்து எப்போதோ போய்விட்ட ஒரு நிறுவனம் அதைக் கொடுத்தது. கூடவே ஒரு பதிவுப் புரோகிராமையும் போட்டுக் கொடுத்தது. அது அந்தக் கம்பியூட்டரில் மட்டும்தான் திறக்கும். அதற்குள் நாற்பத்துமூன்று குடும்பங்களின் காணி விபரம் இருந்தது. எந்த வருடம் வந்தார்கள், எவ்வளவு காடு வெட்டினார்கள், கிணறு எங்கே, தென்னை எத்தனை, கொடுத்த மனுவில் எந்தத் திகதியில் முத்திரை குத்தினார்கள், எல்லாம் படம் பிடித்து ஏற்றியிருந்தது. அசல் காகிதங்களில் பாதி இப்போது இல்லை. சிலது இடப்பெயர்வில் போனது. சிலதைக் கறையான் தின்றது. மிச்சத்தை ஒரு அரசாங்கக் கந்தோரில் வாங்கி வைத்துவிட்டு, "எங்களிட்டைத் தரேல்லையே" என்று கையை விரித்தார்கள்.

புதன்கிழமை காணிக் கச்சேரி. உத்தியோகத்தர்கள் வந்திருந்து, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு, ஆதாரத்தைப் பார்த்து, காணி கொடுப்பதா இல்லையா என்று எழுதப்போகிறார்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும், நாற்பத்தெட்டு வருடமாக உழுது விதைக்கிற நிலத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கேட்டு நிற்கிறார்கள். இது முதல் தரமும் இல்லை. போன தரம் பட்டியலில் பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு கிழமையாகக் கம்பியூட்டருக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது, அதற்கு முன்னம் புது டிஸ்க்கில் அப்படியே ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும், குளோன் என்று சொல்வார்கள், என்பதெல்லாம் சுமித்திராவுக்குத் தெரியும். பழைய டிஸ்க்கைக் கழற்றிச் சேலைத் துண்டில் சுற்றி, பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனாள். சிவகரன் என்கிற பெடியன் ஏ-9 வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட கம்பியூட்டர் கடை வைத்திருந்தான். மத்தியானத்துக்குள் செய்து கொடுத்தான்.

"தம்பி, போட்டுப் பாத்தனீங்களோ? வேலை செய்யுதோ?" என்று அவள் கேட்டாள்.

"ஓமக்கா, எல்லாம் சரி. கொண்டுபோய் மாட்டினாச் சரி."

"பழைய டிஸ்க்கையும் தாங்கோ."

"அது செத்த சாமான் அக்கா. என்னத்துக்கு?"

"செத்தாலும் எங்கட சாமான். தாங்கோ."

அது அவர்களுடைய ஊர்ப் பழக்கம். அசலை ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த அனுபவம் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இப்போது அடையாள அட்டையைப் போட்டோக் கொப்பி எடுக்கக் கொடுத்தால்கூட, அது திரும்பிக் கைக்கு வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார்கள். சிவகரன் சிரித்துக்கொண்டே பழையதையும் தூக்கிக் கொடுத்தான்.

சங்கத்துக்கு வந்தபோது தலைவி மீனம்மா காத்திருந்தாள். ஐம்பத்துநாலு வயது, தனி ஆளாக நின்று இரண்டு ஏக்கர் கச்சான் கடலை போடுகிறவள், சண்டைக்கு வந்த யானையையே தீப்பந்தத்தோடு போய் விரட்டியவள். புது மோட்டார் சைக்கிள், புது நீர்ப்பம்பி, புது மருந்தடிக்கிற மெசின் என்று ஊருக்குள் எது வந்தாலும் மீனம்மாவின் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினால்தான் வேலை தொடங்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. உள்ளங்கையளவு டிஸ்க்கை வாங்கி, அதன் முதுகில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மாட்டு புள்ள" என்று கொடுத்தாள். மாட்டியதும் வந்ததுதான் அந்தக் கறுப்புத் திரை.

சனிக்கிழமை விடியவே சுமித்திரா மறுபடியும் பஸ் ஏறினாள். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். சிவகரன் டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பார்த்தவன், பாம்பு ஊர்ந்ததைக் கண்டவன் மாதிரிக் கையை உதறினான்.

"ஆர் இதில சந்தனம் பூசினது?"

"சங்கத் தலைவி. ஏன்?"

"ஏனோ? ஐயோ அக்கா, ஈரச் சந்தனம் உள்ளுக்கை இறங்கியிருக்கும். அதோட கரண்டைக் குடுத்தா எரியாம என்ன செய்யும்?" அவன் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "உங்கட ஆக்களுக்கு உதுகள் விளங்காது. மெசினுக்கும் மாரியம்மனுக்கும் வித்தியாசம் தெரியாது. இனிப் போமற் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போடலாம். உள்ளுக்கை இருந்ததை மறந்திடுங்கோ."

'உங்கட ஆக்கள்.' அதற்கு என்ன அர்த்தம் என்று சுமித்திராவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வன்னியில் பிறந்து, வன்னிப் பள்ளிக்கூடத்தில் படித்து, வன்னிப் பேச்சுப் பேசினாலும், தோட்டத்து ஆள் என்கிற அந்தச் சொல் இன்னும் அவள் பின்னால் வருகிறது. முகம் சுட்டது. நின்றவர்களில் ஒருத்தன் வாய்விட்டே சிரித்தான். அவள் டிஸ்க்கைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்கக் கோபம் பற்றியெரிந்தது. அந்த நெருப்பை எங்கே கொட்டினாள் தெரியுமா? இறங்கினதும் இறங்காததுமாகப் பொதுக்கிணற்றடியில் நின்ற மீனம்மாவின் தலையில்.

"உங்கட சாமியும் சந்தனமும்! டிஸ்க் எரிஞ்சு போச்சுதாம். நாப்பத்திமூண்டு குடும்பத்தின்ர காகிதமும் போச்சு. இப்ப சந்தோசமோ?"

மீனம்மா தண்ணீர்க் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் குளித்துக்கொண்டு நின்ற ஊர் இளந்தாரி பாலன் சும்மா இருந்தானா? சவர்க்கார நுரையோடே ஊருக்குள் நடந்து, "தலைவியின்ர பக்தியில எங்கட காணி போகப்போகுது" என்று ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மீனம்மா கச்சான் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. அடுப்பும் மூட்டவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். கேட்ட சுமித்திராவுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன சொல்வது?

போமற் அடிப்பதா? அடித்தால் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும். திங்கட்கிழமை முன்பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, புருசன் வினோதனின் மோட்டார் சைக்கிளில் சீ.பி.யு. பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி மாங்குளம் சந்திக்குப் போனாள். அங்கே சுதாஜினி போட்டோக் கொப்பிக் கடை நடத்தினாள். இரண்டு பேரும் ஒன்றாகக் கம்பியூட்டர் கோர்ஸ் படித்தவர்கள். சுதாஜினியின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் செய்கிறவர்கள்.

"எரிஞ்சதோ?" சுதாஜினி டிஸ்க்கை மூக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். "எரிஞ்சா மணக்கும். இது சந்தனம்தான் மணக்குது." பொட்டை நகத்தால் சுரண்டினாள். "இது வெளித் தகடு, சுமி. உள்ளுக்கை இறங்க ஓட்டை எங்க இருக்கு? கரண்ட் போற வாய் அந்தப் பக்கம். அது பளிச்செண்டு கிடக்குது. எந்த விசரன் உனக்கு இதைச் சொன்னவன்?"

சிவகரனின் கடையில் நடந்ததைச் சுமித்திரா சொன்னாள்.

சுதாஜினி தன்னுடைய கம்பியூட்டரில் புதிய டிஸ்க்கைக் கொளுவினாள். அது உடனே தெரிந்தது. உள்ளே கோப்புகள், படங்கள், பதிவுப் புரோகிராம், எல்லாம் சொல்லிவைத்த மாதிரி இருந்தன. ஆனால் புரோகிராமைத் திறந்தால் திறக்கவில்லை. இது என்னுடைய கம்பியூட்டர் இல்லை என்று அடம்பிடித்தது.

"எரிஞ்சு போச்சாம்!" சுமித்திரா மேசையில் அடித்தாள். போட்டோக் கொப்பி எடுக்க வந்த ஒரு ஐயா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நாசமாப் போவான், ஒருக்கா கொளுவிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே!"

"பொறு. சாமான் எல்லாம் இருக்குது, தொடங்கத்தான் மாட்டனெண்டுது. பழசையும் தா, ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பம்."

பழையதைக் கொளுவினார்கள். டிக், டிக். திரையில் இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக, எத்தனை துண்டாகப் பிரிந்திருக்கிறது என்பதோடு வந்தன. பழையதில் இரண்டு துண்டு. முன்னுக்குச் சின்னதாக ஒன்று, பெயர் இல்லை, எழுத்தும் இல்லை. அதற்குப் பின்னால் பெரியது. புதியதில் பெரிய துண்டு ஒன்றுதான் இருந்தது. மிச்சம் வெறும் இடம்.

சுதாஜினி விரலை வைத்துக் காட்டினாள். "இந்தச் சின்னனுக்குள்ளதான் தொடங்கிற வழி எழுதியிருக்கும். பட்டனை அமத்தினா மெசின் முதல் இதைத்தான் தேடும். இதுதான் பெரிசைக் கூப்பிட்டு எழுப்பும். உவன் பெரிசை மட்டும் கொப்பி பண்ணிப்போட்டு இதை விட்டிட்டான்."

"ஏன் விட்டவன்?"

"பேரில்லை, நம்பரில்லை, கையளவு சாமான். தேவையில்லை எண்டு நினைச்சிருப்பான்."

சுமித்திராவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "போன தரம் கந்தோரிலயும் இதைத்தானே சொன்னவங்கள்! உங்களுக்கு நம்பரில்லை, பட்டியலில பேரில்லை, போங்கோ எண்டு. பேர் இல்லாட்டி ஆளே இல்லையோ? விட்டதும் அவன், பொய் சொன்னதும் அவன், அதுக்குள்ள பழி மட்டும் எங்கட மனிசி தலையில!"

"கத்தினாத் தொடங்காது, சுமி. வேலையைப் பாப்பம்."

முழுவதையும் மறுபடி பிரதி எடுக்க நாலு மணித்தியாலம் ஆகும். பழைய டிஸ்க் அவ்வளவு நேரம் உயிரோடு இருக்குமா என்பது சந்தேகம். அந்தச் சின்னத் துண்டை மட்டும் எடுத்துப் புதிய டிஸ்க்கின் வெற்றிடத்தில் போடுவதென்று முடிவெடுத்தார்கள். இரண்டு நிமிட வேலைதான். அந்த இரண்டு நிமிடமும் பழைய டிஸ்க் இருமிக்கொண்டே கிடந்தது. பிரதி முடிந்தது. 'இதிலிருந்து தொடங்கு' என்று அதற்கு ஒரு குறியும் வைத்தார்கள். பிறகு இரண்டையும் சங்கத்துச் சீ.பி.யு. பெட்டிக்குள் மாட்டிப் பட்டனை அழுத்தினார்கள்.

பீப். நாலு நிறக் கொடி. விதைநெல் படம்!

சுமித்திரா சுதாஜினியைக் கட்டிப்பிடித்தாள். வாசலில் நின்ற வினோதன் பாய்ந்து உள்ளே வந்தான். அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. டிக், டிக்.

"அடச் சீ! இது பழசில தொடங்கியிருக்குது" என்றாள் சுதாஜினி. "ரெண்டையும் ஒண்டா மாட்டினது என்ர பிழை. பழசைக் கழட்டு."

கழற்றிவிட்டு அழுத்தினார்கள். மறுபடி கறுப்புத் திரை. சுமித்திரா தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டாள். ஆனால் சுதாஜினி குனிந்து எழுத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"எழும்படி, இது வேற பிழை. முந்தி ஆளே இல்லை எண்டது. இப்ப ஆள் இருக்குது, வழி தெரியேல்லை எண்டுது. வழியைச் சொல்லிக் குடுத்தாச் சரி."

விண்டோஸ் இருந்த ஒரு பென் டிரைவைக் குத்தி, பழுது பார் என்று கட்டளை கொடுத்தாள். அது ஓடியது. ஓடி முடித்துத் தானாகவே நின்று, தானாகவே மறுபடி எழும்பியது. பீப். கொடி. படம். இந்த முறை சுமித்திரா துள்ளவில்லை. பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. பதிவுப் புரோகிராமைத் திறந்தாள். நாற்பத்துமூன்று பெயரும் வரிசையாக வந்தன. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போட்டோக் கொப்பி எடுக்க வந்தவர்கள் என்ன நினைத்தாலென்ன?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சங்கக் கட்டடத்தில் இருக்க இடமில்லை. அச்சடித்த காகிதங்களைக் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுக் கொடுத்து, சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள் சுமித்திரா. மீனம்மாவின் வீட்டுக்கும் போய் அவளே கூட்டிவந்திருந்தாள். வழியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனாள். ஆனால் "எல்லாம் சரிவந்திட்டுது, வாங்கோ பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள். மீனம்மா வந்து ஒரு மூலையில், தலைவிக்குப் போட்ட கதிரையில் இல்லாமல், மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நாலு நாளில் முகம் ஒட்டிப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சுமித்திராவின் போன் அடித்தது. சிவகரன்!

"அக்கா, அந்த டிஸ்க்கை என்ன செய்தனீங்கள்? கொண்டு வந்தா இண்டைக்கே போமற் அடிச்சுத் தருவன். பிறகு எனக்கு நேரமில்லை."

சுமித்திரா கையைத் தூக்கி எல்லோரையும் அமத்தினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். ஊர் முழுக்கக் கேட்கட்டும், மீனம்மாவும் கேட்கட்டும்.

"தம்பி, போமற் தேவையில்லை. டிஸ்க் வேலை செய்யுது."

"என்னெண்டு?"

"பழைய டிஸ்க்கில முன்னுக்கு ஒரு சின்னத் துண்டு இருந்தது. அதை ஏன் நீங்கள் கொப்பி பண்ணேல்லை?"

"அது... பேரில்லாத துண்டு அக்கா. தேவைப்படாது எண்டு நினைச்சன்."

"போட்டுப் பாத்தனான் எண்டு சொன்னீங்கள்."

"நேரம் கிடைக்கேல்லை அக்கா. சரி, இப்ப வேலை செய்யுதுதானே."

"அப்ப சந்தனம்? சந்தனம் உள்ளுக்கை இறங்கி எரிஞ்சது எண்டது?"

"அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னதக்கா. ஆக்கள் நிண்டவை, பகிடியா..."

"சும்மாவோ? பகிடியோ?" சுமித்திரா வெடித்தாள். "ஒரு மனிசி நாலு நாளா அடுப்பு மூட்டேல்லை. தெரியுமோ உனக்கு? நாலு பேர் சிரிக்கிறதுக்கு உனக்கு எங்கட ஆக்கள்தான் கிடைச்சவையோ? உன்ர பிழையை மறைக்க எங்கட சாமிதான் கிடைச்சுதோ? மானங்கெட்டவனே, வை போனை!"

அவன் அதற்கு முன்னமே வைத்துவிட்டான்.

கட்டடம் கொதித்தது. பாலன்தான் எல்லோரையும்விடக் கூடக் குதித்தான். "இவனைச் சும்மா விடக்கூடாது! கடைக்குப் போய்க் கேப்பம், வாங்கோடா!" நாலைந்து பேர் ஓம், ஓம் என்றார்கள். சுமித்திரா மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதாவது அந்த முகம் தெளிந்திருக்கும், எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

மீனம்மா எழுந்து மேசைக்கு வந்தாள். தன்னுடைய காகிதத்தைத் தேடி எடுத்து, குனிந்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பேனையை மூடி வைத்தாள்.

"கடைக்கு எதுக்குப் போற, பாலா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. "அவன் யாரோ எவனோ. இன்னைக்குத்தான் அவன் கொரலையே கேக்குறேன். கடையில குந்திக்கிட்டு வர்றவங்ககிட்டப் பொய் சொல்றவன் சொல்லிட்டுப் போறான். நான் உங்களுக்கு யாரு? பதினோரு வருசமா இந்தச் சங்கத்துல இருக்கேன். ஒங்க புள்ளைங்க பைக்குக்கும் பம்பிக்கும் பொட்டு வச்சது இந்தக் கைதானே? ஏதாச்சும் ஒண்ணு எரிஞ்சுச்சா? ஒரு பொட்டுச் சந்தனத்துல எப்புடிம்மா எரியும்னு, உங்கள்ள ஒருத்தராச்சும் அவன்கிட்டத் திருப்பிக் கேட்டீங்களா?"

பாலன் கூரையைப் பார்த்தான்.

"நீ கேட்டியா, சுமித்திரா? நீ படிச்ச புள்ள."

சுமித்திராவுக்கு அந்தக் கண்ணாடிக் கடை கண்முன் வந்தது. பழைய டிஸ்க்கைத் தா என்று வாதாடி வாங்கியவள்தான் அவள். சந்தனம் என்று அவன் சொன்னபோது மட்டும் ஏன் வாயடைத்து நின்றாள்? அவன் 'உங்கட ஆக்கள்' என்றதும், நான் அந்த ஆட்களில் சேர்ந்தவள் இல்லை என்று அந்தச் சிரித்தவனுக்குக் காட்டத்தான் அவசரப்பட்டாள். அங்கே காட்ட முடியாததைக் கிணற்றடியில் வந்து காட்டினாள். இது இந்த நிமிடம்வரை அவளுக்கே தெரியாது.

"இல்லை, பெரியம்மா. நான் கேக்கேல்லை" என்றாள். "அவன் அப்பிடிச் சொன்னவுடன எனக்கு வெக்கமாப் போச்சு."

"யார நெனச்சு வெக்கப்பட்ட, புள்ள?"

சுமித்திரா வாயைத் திறந்தாள். நாற்பத்துமூன்று குடும்பமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.